உன் பெயர் என்ன?

இராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்து, மண்டபம், உச்சிப்புளி வழியாக இராமநாதபுரம் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே கீழக்கரைச் சாலையில் திரும்பினால் மன்னார் வளைகுடாவின் கரையோரமாக ஏர்வாடியை அடையலாம். சுல்தான் சையது இப்ராகீம் ஷஹீது அடங்கியிருக்கும் தர்கா அங்கேதான் உள்ளது. அதன் சந்தனக்கூடு விழாவுக்கு முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் செல்வதை இக்கடற்கரை மக்கள் நன்கு அறிவர். வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கியபோது, 'எல்லா இடமும் பார்த்தாயிற்று, ஏர்வாடிக்கும் ஒருமுறை போய் வருவோம்' என்று நம் பங்குகளிலிருந்து புறப்பட்டுச் சென்ற குடும்பங்களும் உண்டு.

அந்த ஊரில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், தனியார் நடத்திவந்த காப்பகங்களுள் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலை வேய்ந்த கொட்டகை அது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே அவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்துக்குள் அவ்வூரிலிருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் ஏற்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டு, நாடெங்கும் உள்ள இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுக்குமாறு 2002-ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆணையிட்டது.

கால் நூற்றாண்டை ஒட்டிய காலம் சென்றுவிட்டது. எனினும் ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அந்தச் சங்கிலிகளை மாட்டியவர்களும், மாட்டச் சம்மதித்தவர்களும் கல்நெஞ்சர்களா? பலர் பெற்றெடுத்த தாய்மார்கள், உடன்பிறந்தவர்கள். தெருவில் ஓடி வண்டியில் அடிபட்டுவிடுவானோ, கிணற்றில் விழுந்துவிடுவானோ, யாரேனும் கல்லெறிந்துவிடுவார்களோ என்று அஞ்சியவர்கள். வேறு வழி உண்டு என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சிலர் இருந்தார்கள். வீட்டில் துன்பம் தலைகாட்டிய முதல் நாளில் அக்குடும்பத்தை எதிர்ப்பட்ட பள்ளி ஆசிரியர், கிராம செவிலியர், காவலர், பூசாரி, பங்குத்தந்தை ஆகியோரே அவர்கள். அவர்களும் அறியாதிருந்தார்கள். அந்த அறியாமையின் வரலாற்றையே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம்.

'பைத்தியம்' என்ற ஒரே சொல்லுக்குள் நம் ஊர்கள் எத்தனை பேரை அடைத்து வைத்தன! மனச்சிதைவு நோயுற்றவர், வலிப்பு உள்ளவர், அறிவு வளர்ச்சி குன்றியவர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் தளர்ந்த தாய் என அனைவருக்கும் ஒரே பெயர்; அனைவருக்கும் ஒரே மருந்து. இவர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட மற்றொரு கூட்டத்தாரும் உண்டு. இன்று நாம் 'ஆட்டிசம்' என்று அழைக்கும் இயல்போடு பிறந்தவர்கள் அவர்கள்.

ஆட்டிசம் என்னும் சொல்லைச் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். ஆனால் அவர் அதனை மனச்சிதைவின் ஓர் அறிகுறியாகவே கருதினார். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி, இது தனியொரு நிலை, பிறவியிலேயே அமைவது என்று எழுதினார். அக்குழந்தைகள் பிறர் முகத்தை நோக்கவில்லை. கேட்ட சொல்லையே திரும்பச் சொன்னார்கள். வழக்கமான ஒழுங்கு மாறினால் பெருந்துன்பம் அடைந்தார்கள். ஆயினும் உண்மை துலங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வேறோர் இருள் சூழ்ந்தது. தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவியது. 'பனிப்பெட்டித் தாய்மார்' என்று அவர்களுக்குப் பெயரும் சூட்டினர். ஆட்டிச மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலாளர் 1964-இல் எழுதிய நூலே அக்கருத்தின் வேரை அசைத்தது. அதற்குள் எத்தனை தாய்மார் தம்மைத் தாமே குற்றவாளிகளாக எண்ணி அழுதிருப்பர்!

நம் நாட்டுச் சட்டமும் மெதுவாகவே கண்விழித்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைக் கணக்கிட்டது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அச்சொல் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக உயர்த்தி, அவற்றுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது. தமிழில் நாம் இதற்கு இட்ட பெயர்களோ இன்னும் தடுமாறுகின்றன. 'மதியிறுக்கம்' என்கிறோம், அரசு ஆவணங்கள் 'புற உலகச் சிந்தனையற்ற' நிலை என்கின்றன. உண்மையில் இவர்களுள் பலருக்குப் புற உலகம் இல்லாமற் போகவில்லை. அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுகிறது. நமக்குச் சாதாரணமாய்த் தோன்றும் ஒலிபெருக்கி அவர்களுக்கு இடி. குழல்விளக்கு அவர்கள் கண்ணில் ஊசி. முதுகில் அன்போடு தட்டும் கை அவர்களுக்கு அடி.

இந்த அறிவு மருத்துவரிடம் மட்டும் இருந்தால் போதாது. ஏன் என்பதற்கு ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். இராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை அன்று அக்கினி தீர்த்தக் கரையில் பெருங்கூட்டம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பெற்றோரை விட்டுப் பிரிந்து, கையை உதறிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கிறான். காவலர் வந்து, 'உன் பெயர் என்ன?' என்று கேட்கிறார். அவன் முகத்தைப் பாராமலே, 'உன் பெயர் என்ன?' என்கிறான். காவலர் குரலை உயர்த்துகிறார். அவனும் அதே குரலில் அதையே திரும்பச் சொல்கிறான். கேலி செய்கிறான் என்று காவலர் கையைப் பற்றுகிறார், அவன் கடிக்கிறான். அடுத்து என்ன நிகழும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குக் குறும்பு இல்லை. காவலருக்குக் கொடுமை இல்லை. கேட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது அவன் பேசும் முறை என்பதை ஒருவரும் காவலருக்குக் கற்பிக்கவில்லை, அவ்வளவே.

அறியாமை உயிரையே பறிக்கும் என்பதைப் பிற நாடுகளும் துன்பத்தின் வழியே கற்றன. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல், மனநோயுற்ற இளைஞர் ஒருவர் கையில் கத்தியோடு நின்றபோது காவலர் சுட்டுக் கொன்றனர். ஊர் கொதித்தது. அடுத்த ஆண்டே அந்நகரக் காவல்துறை, நோயுற்றோரின் குடும்பங்களையும் பல்கலைக்கழகங்களையும் துணைக்கழைத்து, 40 மணி நேரப் பயிற்சி பெற்ற தனிக் காவலர் குழுவை உருவாக்கியது. 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வட மயாமி நகரில் ஆட்டிசமுள்ள இளைஞர் ஒருவர் பொம்மை லாரியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையில் அமர்ந்திருந்தார். அது துப்பாக்கி என்று எண்ணப்பட்டது. அவரைப் பராமரித்த பணியாளர் தரையில் படுத்துக் கைகளை உயர்த்தி, அது பொம்மை என்று கூவினார். ஆயினும் காவலர் சுட்ட குண்டு அப்பணியாளரின் காலில் பாய்ந்தது. மறு ஆண்டே புளோரிடா மாநிலம் காவலர் பயிற்சியில் ஆட்டிசம் பற்றிய பாடத்தைச் சட்டத்தால் சேர்த்தது.

அப்பாடங்களில் என்ன கற்பிக்கிறார்கள்? பெரிய மருத்துவம் ஒன்றுமில்லை. சங்கொலியை நிறுத்து, சுழல் விளக்கை அணை. பலர் பேசாமல் ஒருவரே பேசு. சிறு சொற்களால் பேசு. கேட்டபின் பொறுத்திரு, பதில் வரத் தாமதமாகும். பின்னாலிருந்து தொடாதே. கண்ணைப் பார்க்கவில்லை என்பதால் குற்றவாளி என்று முடிவு கட்டாதே. தரையில் குப்புற அழுத்திப் பிடிக்காதே; மூச்சு நின்றுவிடக்கூடும். அருகில் தாய் இருந்தால், அவனை அமைதிப்படுத்துவது எது என்று அவளிடம் கேள். தீயணைப்பு வீரருக்கு இன்னும் ஒரு பாடம் உண்டு. தீ எரியும் வீட்டில் ஆட்டிசக் குழந்தை வெளியே ஓடி வராமல் கட்டிலுக்கடியில் ஒளியக்கூடும். முகமூடி அணிந்த வீரரைக் கண்டு மேலும் அஞ்சக்கூடும். மீட்டபின்னும் பழகிய இடத்தைத் தேடி மீண்டும் தீக்குள் ஓடக்கூடும். ஆகவே பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் போதாது. தேடவும், மீட்டபின் பிடித்த கையை விடாதிருக்கவும் வேண்டும்.

நம் கடற்கரைக்கு மிகத் தேவையான பாடம் மற்றொன்று. இக்குழந்தைகளுள் பலர் சொல்லாமல் வீட்டை விட்டு நடந்துவிடுவர்; பலருக்கு நீரின் மேல் தீராத ஈர்ப்பு உண்டு. அவர்களைக் கொல்லும் விபத்துகளுள் நீரில் மூழ்குவதே முன் நிற்கிறது. ஆகவே அத்தகைய பிள்ளை காணாமற் போனால், பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் தேடும் முன்னர் முதலில் நீர் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். நான்கு புறமும் கடல் சூழ்ந்த இராமேஸ்வரம் தீவிலும், ஊருணியும் கிணறும் இல்லாத ஊரே இல்லாத இராமநாதபுரம் சீமையிலும், இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு மீனவரும் ஆட்டோ ஓட்டுநரும் அறிந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைப்பர்!

இவையெல்லாம் மேல்நாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்க இயலாது. நம் நாட்டுச் சட்டமே இதைக் கோருகிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்கிறது. ஆதரவின்றி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை என்றும், அவரைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கவே கூடாது என்றும் விதிக்கிறது. காவலருக்குக் குறித்த கால இடைவெளியில் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதனினும் விரிவானது. பஞ்சாயத்து உறுப்பினர், காவலர், நீதிபதி, வழக்கறிஞர் ஆகியோரின் பயிற்சியிலும், ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சமூகப் பணியாளர் ஆகியோரின் கல்வியிலும் இது பாடமாக வேண்டும் என்று அது பட்டியலிடுகிறது.

அப்பட்டியலைப் படித்தபோது நம் பெயரைத் தேடினோம். பூசாரியோ முஜாவரோ பங்குத்தந்தையோ அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆனால் துன்புற்ற குடும்பம் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தானே? இதை உணர்ந்து செயல்பட்டவர்கள் உண்டு. குஜராத்தின் உனாவா ஊரில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008-ஆம் ஆண்டில் 'தவா - துவா' என்னும் திட்டம் தொடங்கியது. மருந்தும் வேண்டுதலும் என்பது அதன் பொருள். நேர்ந்துகொள்ள வருவோரை முஜாவர்கள் விரட்டவில்லை. தாம் கற்ற அறிகுறிகளைக் கொண்டு இனங்கண்டு, வேண்டுதலை முடித்தபின் அருகிலேயே இருக்கும் மருத்துவரிடம் அனுப்பினார்கள். பின்னர் நம் ஏர்வாடி தர்காவிலும் அதே முறை வந்தது. தீயில் 28 உயிர்களை இழந்த ஊர், மருந்தையும் மன்றாட்டையும் ஒரே வளாகத்தில் அமர்த்திக் காட்டியது. இதை நாம் பணிவோடு நோக்க வேண்டும்.

பணிவோடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏர்வாடித் தீக்குச் சில ஆண்டுகளுக்கு முன், நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு திருத்தலத்தில் ஞாயிறு வழிபாட்டுக்கு உதவியாகச் சென்றிருந்தோம். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கொடிமரத்தின் பீடத்தருகே ஓர் இளைஞன் அமர்ந்திருந்தான். பதினாறு வயது இருக்கலாம். அவன் கணுக்காலில் கயிறு. கயிற்றின் மறுமுனை அவன் தாயின் இடுப்பில். அவன் விரல்களைக் கண்ணுக்கு நேரே ஆட்டிக்கொண்டு, சற்றுமுன் நாம் சொன்ன செபத்தின் கடைசிச் சொல்லை, நம் குரலிலேயே, மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தான். 'சாமி, கை வைத்து மந்திரிங்க சாமி, பேய் போகணும்' என்றார் அத்தாய். நாம் அவன் தலையில் கை வைத்தோம். அவன் அலறித் தலையைத் திருப்பிக்கொண்டான். கூட்டத்தில் சிலர், 'பாருங்க, பேய் துடிக்குது' என்றார்கள். நாம் மறுக்கவில்லை. செபித்தோம், தீர்த்தம் தெளித்தோம், மதிய உணவுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டோம். குருமடத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் மெய்யியலும் இறையியலும் பயின்றிருந்தோம். அந்தப் பிள்ளையின் அலறல் எதனால் என்று அறிய அப்படிப்பு உதவவில்லை. அவன் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் ஏர்வாடிச் செய்தியை நாளிதழில் வாசித்தபோது, அந்தக் கயிறே கண்முன் வந்தது. அந்தத் தாய் அடுத்து எங்கே போயிருப்பார்? நம்மிடம் வழி கேட்டு வந்தவருக்கு நாம் வழி காட்டவில்லையே!

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் கெரசேனர் பகுதியின் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனைச் சந்திக்கிறோம். ஆட்டிசத்தையும் அவனுடைய துன்பத்தையும் ஒன்றாக்குவது நம் நோக்கமன்று. அப்படி ஒன்றாக்கியதே நம் பழைய பிழை. நாம் கவனிக்க விரும்புவது அந்த ஊராரை. அவனுக்கென்று அவர்கள் கண்ட ஒரே வழி விலங்கும் சங்கிலியும். இயேசு அவனிடம் பெயரைக் கேட்கிறார். இறுதியில் அவனைத் தம்மோடு அழைத்துச் செல்லாமல், அவன் வீட்டாரிடமே அனுப்புகிறார். கட்டி வைத்த ஊரே அவனை ஏற்றுக்கொண்டு வாழக் கற்க வேண்டியிருந்தது.

திருச்சபை வரலாற்றில் அப்படிக் கற்றவர்கள் இல்லாமலில்லை. இறையன்பின் புனித யோவான் 1530-களின் இறுதியில் கிரனாதா நகரின் அரச மருத்துவமனையில் பைத்தியம் என்று அடைக்கப்பட்டுச் சவுக்கடி பட்டார். வெளிவந்தபின் நோயாளிகளை அடிக்காத மருத்துவமனை ஒன்றைத் தாமே நிறுவினார். 1549-இல் அந்த அரச மருத்துவமனை தீப்பற்றியபோது, தாம் அடிபட்ட அதே கட்டடத்துக்குள் நுழைந்து நோயாளிகளைச் சுமந்து வந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. தீயணைப்பு வீரர்கள் அவரைப் பாதுகாவலராகக் கொள்வது இதனால்தான். பெல்ஜியத்தின் கேல் என்னும் ஊரில், புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு வந்த மனநோயாளிகளை, கோயிலில் இடமில்லாதபோது ஊர்மக்கள் தம் வீடுகளில் ஏற்றனர். இடைக்காலத்தில் தொடங்கிய அவ்வழக்கம் இன்றும் நிற்கிறது. 1930-களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வூர் வீடுகளில் வாழ்ந்தனர். அங்கே சிறு பிள்ளையும் விருந்தாளியின் இயல்பை அறிந்து வளர்ந்தது.

ஊரே கற்றுக்கொள்ளும்போது என்ன நிகழும் என்பதற்கு நம் காலத்துச் சான்று ஒன்று உண்டு. கானர் எழுதிய பதினொரு குழந்தைகளுள் முதலாமவர் டொனால்டு டிரிப்லெட். 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தின் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நான்கு வயது நிறையும் முன்பே மருத்துவர் அறிவுரைப்படி ஒரு காப்பகத்தில் விடப்பட்டார். ஓராண்டில் பெற்றோர் அவரை மீட்டு வந்தனர். பின்னர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியே பல நாடுகள் சுற்றினார். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 89-ஆம் வயதில் அதே ஊரில் இறந்தார். அவர் குடும்பம் வசதி படைத்தது என்பது உண்மையே. ஆயினும் அவரை வாழவைத்தது அது மட்டுமன்று. அவ்வூரில் கடைக்காரரும் காவலரும் தேவாலயத்தாரும் அவரை அறிந்திருந்தனர்; அவருடைய வினோதங்களை வினோதமாக எண்ணாது பழகினர். ஏர்வாடிக்கும் அவ்வூருக்கும் உள்ள வேறுபாட்டில் மருந்தின் பங்கு சிறிதே. அறிந்த மக்களின் பங்கு பெரிது.

நம் பங்குகளில் எங்கிருந்து தொடங்குவது? கோயில்பிள்ளையும் உபதேசியாரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் ஒரு நாள் கூடி, மாவட்ட மனநல மருத்துவரையும், ஆட்டிசப் பிள்ளையை வளர்க்கும் ஒரு தாயையும் அழைத்துக் கேட்கலாம். அத்தாயே சிறந்த ஆசிரியர். அருகிலுள்ள காவல் நிலையத்தாரையும் தீயணைப்பு நிலையத்தாரையும் அதே அவைக்கு அழைக்கலாம். சட்டம் அவர்களிடம் கேட்கும் பயிற்சிக்கு நம் மண்டபம் இடந்தரட்டும். திருவிழா நாள்களில் ஒலிபெருக்கி எட்டாத ஓர் அமைதியான அறையை ஒதுக்கலாம். பங்கில் எந்த வீட்டில் அத்தகைய பிள்ளை உண்டு, அவனுக்குப் பிடித்தது எது, அஞ்சுவது எது என்று பெற்றோர் இசைந்தால் அண்டை வீட்டார் அறிந்திருக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416, காணாமற் போன குழந்தைக்கு 1098 என்ற எண்களைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

திருத்தலங்களில் இனி ஒரு கயிற்றைக் கண்டால், செபத்துக்கு முன் அதை அவிழ்க்கச் சொல்லும் துணிவும், அவிழ்த்தபின் அக்குடும்பத்தை எங்கே அனுப்புவது என்ற அறிவும் நமக்கு வேண்டும். அறிவின்றி அவிழ்த்தால் பிள்ளை கடலை நோக்கி ஓடுவான். துணிவின்றி அறிந்திருந்தால் கயிறு அப்படியே இருக்கும்.

கொடிமரத்தடியில் கண்ட அந்தப் பிள்ளைக்கு இன்று நாற்பது வயதைக் கடந்திருக்கும், இருந்தால். அவனை மீண்டும் காணும் பேறு நமக்குக் கிட்டினால், தலையில் கை வைக்க மாட்டோம். சற்றுத் தள்ளி, அவன் பக்கத்தில் அமர்ந்து, மெல்லிய குரலில் அவன் பெயரைக் கேட்போம். அவன் அக்கேள்வியையே நமக்குத் திரும்பச் சொல்வான். அப்போது நம் பெயரைச் சொல்லிவிட்டு, அவன் தன் பெயரைச் சொல்லும்வரை காத்திருப்போம்.